ஒரு ஏக்கர் கோதுமை, ஒரு பசுமாடு, 99,999 டாலர்

விண்ணப்பப் படிவமும் ஒரு பிரதிதான். நாவலையும் கவிதையையும் மட்டும் பிரதி என்று வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தால், ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டதில் முக்கால்வாசியை வாசிக்காமலே விட்டுவிடுவோம். ஆள்கிறவன் நம்மைப் பற்றிக் காவியத்தில் எழுதியது கொஞ்சம்; ஆபீஸ் காகிதத்தில் எழுதியதுதான் நிறைய. நீ யார், அதற்கு என்ன சான்று, கையில் என்ன வைத்திருக்கிறாய், எவ்வளவு கேட்கிறாய், அவ்வளவு எதுக்கு?

நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொண்டது கனடா நாட்டுக் காகிதம். முதல் தேசத்தார், இனுயிட், மேத்தி என்று மூன்று பிரிவாகச் சொல்லப்படும் அங்குள்ள பூர்வகுடிகள் கடை, பட்டறை, படகு, விடுதி என்று தொழில் தொடங்கவும், நடக்கிற தொழிலைப் பெரிதாக்கவும் மத்திய அரசு பணம் தருகிறது. 1983ல் 34.5 கோடி டாலரோடு ஆரம்பித்த ஏற்பாடு பெயர் மாறி, கை மாறி இன்றும் ஓடுகிறது. அதன் விதிமுறைகளையும், அதற்கு முந்தைய நூறு வருஷத்துக் கனடா அரசின் உத்தரவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: அளவு. பூர்வகுடி எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதை அவர்களல்லாத வேறு எவனோ முடிவு செய்வது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் பெயர். ஜனங்கள் பேச்சில் அது 'கிராண்ட்'. அரசுக் காகிதத்தில் அப்படி இல்லை. 'திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பங்களிப்பு' என்றிருக்கிறது. கனடா கஜானாவின் விதிப்படி இரண்டும் ஒன்றல்ல. கிராண்ட் என்றால் தகுதியைப் பார்த்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது. பங்களிப்பு என்றால் நிபந்தனை, கணக்கு, அறிக்கை, தணிக்கை என்று பின்னாலேயே வரும். தொழில் தொடங்கும் பூர்வகுடிக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வகை. நம் மொழியின் 'மானியம்' என்ற சொல்லுக்குள்ளும் இப்படி ஒரு பிளவு உண்டு. கோயிலுக்கும் பார்ப்பனருக்கும் விட்ட மானியம் வரியில்லா நிலம். யாரும் திட்ட அறிக்கை கேட்கவில்லை, கல்லிலேயே வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டியானுக்கும் ஒரு மானியம் இருந்தது. பிணம் எரிக்கணும், சாவுச் சேதி சொல்லணும், கூப்பிட்ட நேரத்துக்கு நிற்கணும். வேலையை விட்டால் நிலம் போச்சு. ஒரே சொல்லுக்குள் கொடையும் இருந்தது, கட்டும் இருந்தது. எது யாருக்கு என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

இனி தொகை. தனிநபருக்கு அதிகபட்சம் 99,999 டாலர் என்பது இந்தத் திட்டத்தில் பல வருஷமாக இருந்துவரும் உச்சவரம்பு. சமூகமாகச் சேர்ந்து நடத்தும் தொழில் என்றால் 2,50,000. அந்த ஒரு டாலரை ஏன் குறைத்தார்கள்? நிர்வாகக் காரணம் ஏதாவது சொல்வார்கள். எனக்கென்னவோ, லட்சத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று பேனாவைப் பிடித்து நிறுத்திய கை அதில் தெரிகிறது. பல இடங்களில் விண்ணப்பிக்கிறவர் குறைந்தது பத்து சதவீதமாவது தன் கைப்பணம் போட வேண்டும். மீதிக்குப் பெரும்பாலும் கடன். அனுமதி வருவதற்கு முன்னால் செய்த செலவு கணக்கில் சேராது. சேமிப்பே இல்லாத வீட்டுப் பிள்ளை இந்த முதல் வரியிலேயே நின்றுபோகும்.

ஒரு நல்லதையும் சொல்லிவிடணும். எண்பதுகளில் இருந்தே பூர்வகுடிகள் தங்களுக்கென்று கடன் நிறுவனங்களை அமைத்துக்கொண்டார்கள். ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. இதுவரை 300 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்திருக்கிறார்கள். அரசுப் பணத்தை விநியோகிக்கும் வேலையும் பிற்பாடு இவர்களின் கூட்டமைப்பின் கைக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் ஒரு பூர்வகுடி என்றால் விண்ணப்பதாரர் பேசுகிற தோரணையே மாறிவிடும். ஆனாலும் உச்சவரம்பை எழுதுவது ஒட்டாவாதான்.

சரி, இவர்களுக்கு ஏன் தனியாகப் பணம் தரணும், வங்கிக்குப் போகலாமே என்று அங்கேயும் கேட்கிறார்கள். இங்கே இட ஒதுக்கீட்டைப் பார்த்துக் கேட்கிற அதே குரல். பதில் 1876ஆம் வருஷத்து 'இந்தியர் சட்ட'த்தில் கிடக்கிறது. (இந்தியர் என்றால் நாமல்ல. கொலம்பஸ் செய்த தப்பை ஒரு அரசு இன்றுவரை சட்டத்தின் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறது.) ரிசர்வ் என்று ஒதுக்கிய நிலத்தின் உடைமை அரசிடம்; அங்கே வாழ்கிறவர்களுக்கு அனுபவ பாத்தியதை மட்டும். இன்றைய சட்டத்தின் 89ஆவது பிரிவுப்படி ரிசர்வில் உள்ள இந்தியரின் சொத்தை இந்தியரல்லாத யாரும் அடமானம் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. 1988ல்தான் குறித்துவிட்ட நிலங்களில் குத்தகை உரிமையை மட்டும் அடகு வைக்கலாம் என்று ஒரு வாசல் திறந்தார்கள். வீடு இருக்கும், நிலம் இருக்கும், ஆனால் வங்கி மேலாளர் பார்வையில் அந்த ஆள் வெறுங்கையன். எவன் கடன் கொடுப்பான்?

அப்படியானால் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பட்டா கொடுத்துவிடலாம் என்று சொல்கிற பொருளாதார நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்கள் இதற்குத் தலையாட்ட மாட்டார்கள். 1892 ஆணையின் வழியில், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலமே இங்கே எத்தனை கைக்குப் போய்விட்டது! நிபந்தனையும் இல்லையென்றால்? ஆகவே வேலி இருக்கட்டும். வேலி இருப்பதால் வங்கிக் கதவு மூடியிருக்கிறது என்றால், அதற்கு ஈடாகத் தொழில் முதலை அரசு கொடுக்கணும். அந்தப் பணத்தை உதவி என்று எழுதுவது பொய்க் கணக்கு.

அந்தக் கணக்கின் பழைய பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். 1870களில் மேற்குச் சமவெளியில் போட்ட உடன்படிக்கைகளில் ஏர், எருது, விதை தருவதாக அரசு எழுதிக் கொடுத்தது. வந்தது குறைவு, வந்ததும் தாமதம். அப்படியும் 1880களில் ரிசர்வ் விவசாயிகள் பலர் தேறினார்கள். சேர்ந்து பணம் போட்டு அறுவடை இயந்திரம் வாங்கினவர்களும் உண்டு. வெள்ளைக் குடியேறிகளுக்கு வயிறு எரிந்தது. அரசு தயவில் விளைவித்துச் சந்தைக்கு வந்து போட்டி போடுகிறார்கள் என்று புகார் கிளம்பியது. 1889ல் ஹேட்டர் ரீட் என்கிற ஆணையர் ஒரு கொள்கை கொண்டுவந்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கோதுமை, கொஞ்சம் கிழங்குத் தோட்டம், ஒன்றிரண்டு பசுமாடு. இயந்திரம் கூடாது. அரிவாளால் அறு, தடியால் அடி, வேண்டிய கருவியை மரத்தில் நீயே செதுக்கிக்கொள். காட்டுமிராண்டி நிலையிலிருந்து நேராக இயந்திரத்துக்குத் தாவ முடியாதாம். நடுவில் குடியானவனாக இருந்து பழகணுமாம். கையால் அறுத்து முடிப்பதற்குள் பயிர் வீணாவதைக் கண்டு, அரசே நியமித்த பண்ணைப் பயிற்றுநர்களே முறையிட்டார்கள். ரீட் அசையவில்லை. சாரா கார்ட்டர் என்ற வரலாற்றாசிரியர் 1990ல் வெளியான 'லாஸ்ட் ஹார்வெஸ்ட்ஸ்' நூலில் இதைக் காகிதம் காகிதமாக எடுத்து வைத்திருக்கிறார். பூர்வகுடிக்கு விவசாயம் வராது என்று அதுவரை பாடப்புத்தகம் சொல்லிவந்ததை அந்த நூல் உடைத்தது.

விளைந்ததை விற்கவும் சீட்டு வேண்டும். ரிசர்வ் ஏஜெண்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தானியம், கால்நடை, வைக்கோல் எதையும் வெளியே விற்க முடியாது. நடைமுறையில் எப்போதோ செத்துப்போன இந்த விதியைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது 2014ல். அதாவது தொழில் தொடங்கப் பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகும் முப்பது வருஷம், விற்கக் கூடாது என்ற சட்டமும் கூடவே இருந்திருக்கிறது.

அந்தப் பசுமாட்டைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எண்பதுகளின் கடைசியில் சேரி ஜனங்களுக்குக் கடன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டத் தெரிந்த ஒருத்தருக்குப் பழைய லாரி வாங்க எழுதிக்கொண்டு போனால், ஆபீஸில் இருந்தவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "லாரியெல்லாம் உங்களுக்கு எதுக்குய்யா? கறவை மாடுன்னு போடு, பாஸாகும்." மாடு என்று போட்டோம். பாஸானது. நமக்கு எது பொருத்தமான தொழில் என்பது எழுதுவதற்கு முன்பே அங்கே எழுதப்பட்டிருந்தது.

பெருக்கக் கூடாது என்றால், சரி, கொடுக்கலாமா? அதுவும் கூடாது. மேற்குக் கரை மக்களின் பாட்லாட்ச் விருந்தில், சேர்த்த பொருளை வாரிக் கொடுத்துத்தான் ஒருவர் தன் தகுதியை நிறுவ முடியும். 1885 முதல் 1951 வரை அது குற்றம். 1921ல் வில்லேஜ் தீவில் நடந்த விருந்துக்காக ஆட்களைச் சிறைக்கு அனுப்பி, முகமூடிகளைப் பறிமுதல் செய்தார்கள். கொடுப்பதைக் குற்றமாக்கிய அரசு இன்றைக்குக் கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாங்குகிறவரிடம் ஐந்தாண்டு லாபக் கணக்குக் கேட்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு டொனால்ட் மார்ஷல் ஜூனியரைக் காட்டலாம். கிழக்குக் கரையின் மிக்மாக் இனத்தவர். செய்யாத கொலைக்குப் பதினொரு வருஷம் சிறையில் கிடந்து 1983ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர். 1993ல் அவர் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உரிமம் இல்லை என்று வழக்கு. 1760-61ல் பிரிட்டிஷாரோடு செய்த உடன்படிக்கைப்படி மீன் பிடித்து விற்பது என் உரிமை என்றார் அவர். 1999 செப்டம்பர் 17ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கூடவே ஒரு வால்: இந்த உரிமை 'மிதமான பிழைப்பு'க்கு மட்டும், வரம்பின்றிச் செல்வம் சேர்ப்பதற்கு அல்ல. எது மிதம்? சொல்லவில்லை. பக்கத்துத் துறையில் மீன் பிடிக்கும் வெள்ளைக்காரருக்கு இந்த அளவை எந்த நீதிமன்றமும் எழுதவில்லை. ரீடின் ஒரு ஏக்கர் இங்கே கடலில் மிதக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகுதான் பணம் வந்தது. அந்தப் பகுதியின் 34 பூர்வகுடிச் சமூகங்களில் பெரும்பாலானவற்றோடு அரசு ஒப்பந்தம் போட்டது. படகு, வலை, உரிமம், பயிற்சி எல்லாம் தரப்பட்டன. பதிலுக்கு, அரசு உரிமத்தின் கீழ், அரசு விதிப்படி மீன் பிடிக்கணும். உடன்படிக்கை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. அது அலமாரிக்குள் போனது. வருமானம் கூடியது உண்மை, வேலை கிடைத்தது உண்மை. படகை வாங்கிக்கொண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் உரிமையைக் கேட்டவனுக்குத் திட்டத்தைக் கொடுப்பது என்கிற தந்திரத்தைப் பெயர் சொல்லிக் குறித்து வைக்கணும்.

அலமாரியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. தீர்ப்பின் இருபத்தோராம் வருஷ நாளான 2020 செப்டம்பர் 17ல் நோவா ஸ்கோஷியாவின் சிபெக்னேகாட்டிக் சமூகம், அரசைக் கேட்காமல் தானே தன் ஆட்களுக்கு லாப்ஸ்டர் இறால் பிடிக்க உரிமம் கொடுத்தது. சில படகுகள், கொஞ்சம் பொறிகள், அவ்வளவுதான். பொறிக் கயிறுகளை அறுத்தார்கள். கும்பல் திரண்டு மிரட்டியது. அக்டோபர் 17ல், அவர்கள் பிடித்த இறால் வைக்கும் கிடங்கு ஒன்று எரிந்து சாம்பலானது. அதற்கடுத்த மாதமே, நவம்பரில், மிக்மாக் சமூகங்களின் கூட்டணி ஒன்று பங்குதாரரோடு சேர்ந்து கிளியர்வாட்டர் என்ற பெரிய கடலுணவுக் கம்பெனியை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பூர்வகுடி நிதி ஆணையத்திடமிருந்து 25 கோடி டாலர் கடன். பத்திரிகைகள் வரலாற்றுச் சாதனை என்று எழுதின, சாதனைதான், மறுக்கவில்லை. கம்பெனி, பங்கு, உரிமம் என்கிற பாஷையில் வந்தபோது கைதட்டல் கிடைத்தது. பழைய உடன்படிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் படகில் போனபோது தீ.

இன்னொன்று பினாமி. நமக்குப் பழக்கமான சங்கதி. 1996லிருந்து அரசுக் கொள்முதலில் பூர்வகுடித் தொழில்களுக்கு ஒதுக்கீடு உண்டு. 2021ல் ஐந்து சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். 51 சதவீத உடைமை இருக்கணும் என்பது விதி. உடனே முகப்பில் ஒரு பூர்வகுடிப் பெயர், பின்னால் வேறு ஆள் என்று கம்பெனிகள் முளைத்தன. 2024 நவம்பரில் ஒரு மத்திய அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அவர் பங்குதாரராக இருந்த கம்பெனி, பூர்வகுடிக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு ஒப்பந்தம் கேட்டிருந்தது. தன் வம்சம் பற்றி அவர் சொன்னதும் நாளுக்கொன்றாக மாறியது. இதே சட்டம்தான் 1985 வரை, வெளியாளைக் கட்டிக்கொண்ட பூர்வகுடிப் பெண்ணின் பதிவை அடித்துவிட்டது. வெளியாளைக் கட்டின ஆணுக்கு எதுவும் ஆகவில்லை. அவன் மனைவிக்குப் பதிவுகூடக் கிடைத்தது. அடித்த பதிவுகளைத் திருப்பித் தருகிற திருத்தங்கள் 1985, 2011, 2017, 2019 என்று தவணை தவணையாக வந்தன. அப்படிப் பதிவு திரும்பி வந்த பாட்டியின் பேத்திகள்தான் இப்போது அந்தப் படிவத்தின் முதல் கேள்வியை, நீ யார், அதற்கு என்ன சான்று என்பதை, நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.