வேராவின் முகம்

'சியர்ஸ்' (1982-93) தொடரில் நார்ம் அந்த பாஸ்டன் மதுக்கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவன் பெயரைக் கத்துவார்கள். மூலை ஸ்டூல், பீர், அப்புறம் பெண்டாட்டி வேராவைப் பற்றி ஒரு கிண்டல். நானும் சிரிச்சவன்தான். அவள் வந்து மறுத்துப் பேசமாட்டாள் என்கிற வசதி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. அவள் உடம்பே ஆண்களின் சொல்லாடலால் ஆனது. இத்தனைக்கும் நார்முக்கு அவள்மேல் பிரியம் உண்டு; சில எபிசோடுகளில் ஒப்புக்கொள்கிறான். ஆனால் கடைக்குள் அதைச் சொன்னால் ஸ்டூல் போய்விடும்! மறைக்கப்படுவது வேரா மட்டுமல்ல, அந்தப் பிரியமும்தான்.

இதிலிருந்து கிளைத்த 'பிரேசியர்' (1993-2004) தொடரில் நைல்ஸின் மனைவி மாரிஸ். கொஞ்ச நாளில் அவளைக் காட்டிவிடலாம் என்றுதான் எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். வர்ணனை ஏறிக்கொண்டே போய், அதற்குப் பொருந்துகிற நடிகையே கிடையாது என்றாகிவிட்டது. மனித உடம்பைத் தாண்டிப் போய்விட்ட கேலி. காமிராவின் ஆண்நோக்கிலிருந்து மாரிஸ் தப்பித்தாள் என்று இதை வாசிக்கலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. கண்ணிலிருந்து தப்பியவள் வாயில் விழுந்தாள், அவ்வளவுதான்.

1986இல் நன்றி நவிலும் நாள் விருந்துக் காட்சியில் வேரா ஒருவழியாகக் கதவைத் திறந்து வருகிறாள். சாமைக் குறிவைத்து டயான் வீசிய பண்டம், அவன் குனிந்துகொள்ள, இவள் முகத்தில் அப்புகிறது. கேட்கிறது சிரிப்பு. அந்தப் பூச்சுக்கு அடியில் இருந்தவர் பெர்னடெட் பிர்க்கெட். நார்மாக நடித்த ஜார்ஜ் வெண்ட்டின் நிஜ மனைவி.