திணை கடக்கும் இசை: ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நேரடி இசைக் காட்சியும் கருப்பொருள் கோட்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படம் ஓடிக்கொண்டிருக்க, அதன் பின்னணி இசையைச் சேர்ந்திசைக்குழு அவையின் முன் நேரடியாக இசைக்கும் நிகழ்வு இன்று உலகின் பல நகரங்களில் நிலைபெற்றுள்ளது. ஹோவர்ட் ஷோர் இசையமைத்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முத்தொகுதியைச் சான்றாகக் கொண்டு, இந்நிகழ்வு பின்னணி இசையைத் துய்க்கும் முறையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள், திணைமயக்கம் ஆகிய கருத்துகள் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பின்னணி இசை, நேரடி இசைக் காட்சி, கருப்பொருள், திணைமயக்கம், ஹோவர்ட் ஷோர்.

முன்னுரை

பின்னணி இசை கேட்கப்படுவதற்காக அமைக்கப்படுகிறது. ஆனால் கவனிக்கப்படாமல் இருப்பதே அதன் சிறப்பு எனக் கருதப்படுகிறது. கிளாடியா கோர்ப்மன் 1987-இல் வெளியிட்ட தம் நூலுக்குக் ‘கேட்கப்படாத மெல்லிசைகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டது இம்முரணைச் சுட்டியே ஆகும். மிஷேல் ஷியோன், ஒலி தான் தரும் பொருளைப் படிமமே தருவதாகத் தோன்றச் செய்கிறது என்பார். இவ்விருவர் கருத்தையும் ஏற்றால் ஒரு வினா எழும். இசைக்கலைஞர்கள் கண்முன் அமர்ந்து வாசிக்கும்போது, மறைந்திருக்க வேண்டிய இசை மறைய இயலுமா? மறையாத இசை படத்திற்குத் துணையா, இடையூறா?

நேரடி இசைக் காட்சியின் பின்புலம்

திரைப்படத்தோடு நேரடி இசை சேர்வது புதிதன்று; பேசாப்படக் காலத்தில் அதுவே இயல்பு. 1908-இல் வெளியான ஒரு பிரெஞ்சுப் படத்திற்குச் சேன்-சான்ஸ் தனி இசை அமைத்தார். ஒலிப்படம் வந்தபின் இசை படச்சுருளுக்குள் அடங்கியது. அரங்க இசைக்கலைஞர்கள் வேலையிழந்தனர். 1980-இல் ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ கார்ல் டேவிஸின் இசையோடு இலண்டனில் திரையிடப்பட்டபோது பழைய முறை மீண்டும் கவனம் பெற்றது. எனினும் அது பேசாப்படம். இசைக்குரிய இடம் அதில் வெற்றிடமாகவே இருந்தது. உரையாடலும் ஓசைகளும் நிறைந்த ஒலிப்படத்திலிருந்து இசையை மட்டும் நீக்கி, அதனை மேடையில் மீட்பது வேறொரு செயல். ஷோரின் முத்தொகுதியில் முதற்படம் 2008-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் லுட்விக் விக்கியின் நடத்துகையில் இவ்வாறு நிகழ்த்தப்பட்டது. 2009-இல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கிலும் இடம்பெற்றது.

நிகழ்த்தும் முறை

இசை நீக்கப்பட்ட ஒலித்தடத்தில் உரையாடலும் ஓசையும் எஞ்சுகின்றன. இசை நடத்துநரின் முன் ஒரு சிறு திரை உண்டு. அதில் படத்தின் மேல் ஒரு நிறக்கோடு இடமிருந்து வலமாக நகரும். அது ஓரத்தை அடைந்ததும் ஓர் ஒளிப்பொட்டு மின்னும். அக்கணத்தில் குறித்த இசைப்பகுதி தொடங்க வேண்டும். படம் யாருக்காகவும் காத்திராது. கச்சேரி மேடையில் வாய்ப்பாட்டுக்காரர் நீட்டினால் மிருதங்கக்காரர் அதற்கு இசைந்து போவார். இங்கோ நீட்டவும் சுருக்கவும் மறுக்கும் ஓர் உடனிசைஞராகப் படம் அமைகிறது. இசை உரையாடலை மூழ்கடிக்கக்கூடும் என்பதால் பேச்சு எழுத்தாகவும் திரையில் காட்டப்படுகிறது. ஆக, பார்வையாளர் படத்தைப் பார்க்கிறார், எழுத்தைப் படிக்கிறார், மேடையையும் நோக்குகிறார். கவனம் சிதறுகிறது என்பது இதன்மேல் வைக்கத்தக்க நேரிய குறையாகும். அச்சிதறல் எதனைத் தருகிறது என்பதே இனிக் காணவேண்டுவது.

கருவியும் நிலமும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைத் தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளாகத் தொகுக்கிறது. பிற்கால அகப்பொருள் இலக்கணம் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு விளரியாழ், பாலைக்குத் துடி என வகுத்துரைக்கும். இசைக்கருவி நிலத்தின் உடைமை என்பதே இதன் உட்கிடை.

ஷோரின் இசை இவ்வாறே நிலங்களைப் பகுக்கிறது. ஹாபிட்டுகளின் ஷயருக்குச் சிறுகுழலும் நாட்டுப்புற வயலினும். குதிரை வீரர்களின் ரோஹனுக்கு நார்வேயின் ஹார்டாங்கர் வயலின். ஐசன்கார்டுக்கு ஐந்து எண்ணிக்கையில் இடறி நடக்கும் தாளமும் உலோக அடியோசையும். மோரியாவின் குகைகளுக்கு ஆழ்ந்த ஆண்குரல்கள். ஐரோப்பிய மரபு இதனை ஒரு மாந்தரையோ பொருளையோ சுட்டும் சுட்டிசை என்றே பெரிதும் விளக்கும். ஷோரிடம் மெட்டு மட்டுமன்றிக் கருவியின் நிறமும் சுட்டுகிறது. மாந்தர் மட்டுமன்றி அவர்தம் நிலமும் சுட்டப்படுகிறது. எனவே சுட்டிசை என்பதைவிடக் கருப்பொருள் என்பதே இவ்விசைக்குப் பொருந்தும் சொல் எனலாம்.

மேடை என்னும் மயக்கம்

உரிப்பொருள் ஒழிந்தவை தம்முள் மயங்கலாம் எனத் தொல்காப்பியம் இடம் தருகிறது. மூன்றாம் படத்தில் எரிமலைச் சரிவில் சாம், சோர்ந்து கிடக்கும் ஃபுரோடோவிடம் ஷயரை நினைவிருக்கிறதா என்று கேட்கும்போது ஷயரின் மெட்டு குழலில் எழுகிறது. நிலம் மோர்டோர், இசை ஷயர். ஒரு நிலத்தின் கருப்பொருள் பிறிதொரு நிலத்தில் வந்து, இழந்த வீட்டின் ஏக்கத்தை உணர்த்துகிறது. திணைமயக்கத்தின் பயன் இதுவே.

திரையரங்கில் இக்குழல் எங்கிருந்தோ வருகிறது. நேரடிக் காட்சியிலோ குழல் கலைஞர் தொடக்கம் முதலே அவையின் கண்முன் இருக்கிறார். திரையில் பல காதம் பிரிந்து கிடக்கும் நிலங்களின் கருவிகள் மேடையில் அடுத்தடுத்து அமர்ந்துள்ளன. முதற்படத்தில் மோரியாவின் இருளில் ஆண்குரல்கள் முழங்கும்போது, ஷயரின் சிறுகுழல் வாய்மூடி மடியில் கிடக்கிறது. ஒலிப்பதிவு ஒலிப்பதை மட்டுமே தரவல்லது. ஒலிக்காமல் காத்திருப்பதை மேடையே காட்டும். ஷயர் இப்போது இல்லை என்பதைக் கண் அறிகிறது. சிதறிய கவனம் ஈட்டித்தரும் பொருள் இது.

ஒரு மறுப்பு

இவ்விசையின் பகுப்பு முற்றும் ஏற்கத்தக்கதன்று. மோர்டோரின் தீமையைக் குறிக்க ஷோர் தேர்ந்த கருவிகளுள் ஒன்று ரைட்டா என்னும் வட ஆப்பிரிக்கத் துளைக்கருவி. நம் நாகசுரம் போல அதுவும் இரட்டைச் சீவாளி வழியே ஒலிப்பது. நல்ல நிலங்களுக்கு ஐரோப்பிய நாட்டுப்புற ஒலியையும், தீய நிலத்திற்கு ஐரோப்பாவுக்கு அப்பாற்பட்ட ஒலியையும் வழங்குவது பழைய ஒரு மனப்பழக்கத்தின் தொடர்ச்சியே. சீவாளி ஒலியைக் கோயில் வாயிலிலும் மணப்பந்தலிலும் கேட்டு வளர்ந்த செவி, அவ்வினத்து ஒலி அச்சத்தின் அடையாளமாவதை எளிதில் ஏற்காது. அகமரபில் துடி பாலைக்குரியது. ஆயினும் பாலை தீய நிலமன்று. கருப்பொருள் நிலத்தை அடையாளப்படுத்துமேயன்றி அதன்மேல் தீர்ப்பு வழங்காது. ஷோரின் இசை கருப்பொருள் மரபிலிருந்து விலகும் இடம் இது.

நேரடிக் காட்சி இக்குறையை நீக்காது, ஆனால் வெளிப்படுத்தும். மோர்டோருக்காக ஊதியவரும் ஷயருக்காக ஊதியவரும் இறுதியில் ஒருங்கே எழுந்து கைதட்டலை ஏற்கின்றனர். ஒலியின்மேல் படம் ஏற்றிய தீமை அப்போது கழன்றுவிடுகிறது. கருவிக்கு நன்மை தீமை இல்லை. அதனை ஏற்றியது கதை.

முடிவுரை

பின்னணி இசையை மேடையேற்றுவது படத்தின் மாயையைக் குறைக்கிறது என்பது உண்மை. எனினும் அவ்விழப்பிற்கு ஈடாக, இசை எவ்வாறு பொருள்தருகிறது என்பதை அது அவையின்முன் திறந்து வைக்கிறது. மயங்குவதும் மயக்கத்தின் வழியை அறிவதும் ஒருங்கே நிகழும் துய்ப்பு இது.

தமிழ்த் திரையிசை ஆய்வில் பாடல் வரிகளே பெரும்பாலும் ஆய்வுப்பொருளாகின்றன; மேடை நிகழ்ச்சிகளிலும் பாடல்களே முதலிடம் பெறுகின்றன. இளையராஜா பின்னணி இசையையும் இசைக்குறியீட்டில் எழுதியே இசைப்பவர். எழுதப்பட்ட இசை மீண்டும் நிகழ்த்தப்படத்தக்கது. ஆய்வாளர் படிக்கத்தக்கதும் ஆகும். பாடலற்ற இசையைக் கவனித்துக் கேட்கும் பயிற்சி நம்மிடையே வளர்ந்தால், அதனை விளக்கும் கலைச்சொற்களுக்குப் பிறமொழிகளை மட்டுமே நாடவேண்டியதில்லை. திணைக்கோட்பாடு அதற்குரிய சொற்களை ஏற்கெனவே வைத்திருக்கிறது.