பின்னணி இசையும் சேகரிப்பும்

திரையிசை என்றதும் நம்மவர் பாடலையே நினைப்பர். 1963-இல் வெளிவந்த ‘கலை அரசி’ வேற்றுக் கோளினரைக் காட்டிய தமிழ்ப்படம், இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். அக்காலப் படங்களின் பாடல்களே பெரும்பாலும் இசைத்தட்டேறின. பின்னணி இசை படச்சுருளோடு நின்றது. மேலைநாட்டிலும், 1956-இல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படத்துக்கு லூயி, பீபீ பாரன் இணையர் மின்னணுச் சுற்றுகளால் ஆக்கிய ஒலிக்கோவை 1976-இலேயே இசைத்தட்டாயிற்று.

ஆதலின், எண்ணி அச்சிட்ட இத்தகைய இசைத்தட்டுகளைத் தேடுவோரை வீண்செலவினர் என்று இகழ்தல் தகாது. ஆயினும், உறை பிரிக்காது பூட்டிவைத்தல் பேணல் ஆகாது. ஒலி மறைந்த யாழை நூல்வழி ஆராய்ந்து, காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947-இல் ‘யாழ்நூலை’ வெளியிட்டார். மீட்டதைத் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். சேகரிப்பாளர்க்கும் அதுவே அளவுகோல். ஆய்வார் செவிக்கு எட்டாத இசைத்தட்டால் ஆவதென்ன?