முந்தினது எப்பிடி?

“முந்தினது எப்பிடி?” என்று மிட்வைஃப் மிஸ் கேட்டதும் என் பெறாமகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பம்பலப்பிட்டியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேதான் கடற்கரை ரயில் பாதை. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் போனது. பேசாமல் இருக்க நல்ல சாட்டு. ரயில் போன பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. மிஸ் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “பய வெண்ட எப்பா நங்கி” என்றார், பயப்படாதே தங்கச்சி என்று. பிறகு தன் அரைகுறைத் தமிழில், “ஆறுதலா சொல்லுங்க. ஆனா எழுதத்தான் வேணும்.”

அக்காவின் மகள் அவள். சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூத்த பிள்ளை பிறந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் நோவெடுத்து, பிள்ளை இறங்காமல், அவசரச் சிசேரியன். அதற்குப் பிறகு நிற்காத இரத்தப்போக்கு. மூன்று வருஷம் கழித்து இரண்டாவது தங்கியதும், “சின்னம்மா, நான் அங்க வாறன்” என்று வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். இவளுக்கு இரண்டாவதுக்குத்தான் தாய்வீடு ஞாபகம் வந்தது. அக்கா கனடாவில் என்பதால் தாய்வீடு என்பது என் வீடு.

மிஸ் எழுதத்தான் வேணும் என்றது, எச் 512 என்ற இலக்கத்தோடு வரும் கர்ப்பகாலப் பதிவட்டையை. ஒரு பிரதி தாயின் கையில், மற்றது மிஸ்ஸிடம். அதில் முந்திய பிரசவங்களுக்கென்று நிரை நிரையாக இடம் உண்டு: எப்படிப் பிறந்தது, என்ன நிறை, என்ன சிக்கல். இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண் வீடு தேடி வருவது இலங்கையில் பழைய வழக்கம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது கணக்கு. எத்தனை மாடியானாலும் ஏறி வருவார். எங்கள் செக்யூரிட்டிப் பையன் பார்சல் கொண்டுவருபவர்களைக் கீழேயே மறிப்பான், மிஸ்ஸை மறிப்பதில்லை.

சென்னையில் இவளுக்குக் கிடைத்தது ஒரு எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பிக்மி என்ற கணினிப் பதிவில் ஏற்றி, 12 இலக்க ஆர்.சி.எச். எண் கொடுப்பார்கள். தனியாரில் பெறுகிறவர்களுக்கும் அது வேண்டும்; 2017இலிருந்து அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது கஷ்டம். கிராமங்களில் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்ற கணக்கில் அங்கேயும் ஆள் உண்டு. வசதி குறைந்த குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்து நடுத்தர வீட்டுப் பெண் தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், அவளுடைய கதை அந்த ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் போய்விடுகிறது. எண் வெளியே நிற்கும். இவள் அந்த எண்ணைக் காட்டிச் சான்றிதழ் எடுத்தாள். அதோடு சரி.

ஃபைலில் என்ன இருந்தது என்பது இங்கே வி.ஓ.ஜி. என்கிற மகப்பேற்று நிபுணரிடம் சனல் பண்ணிப் போனபோதுதான் வினையாக வந்தது. இவள் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் சம்மரி அரைப் பக்கம். எல்.எஸ்.சி.எஸ். என்று சிசேரியன், பி.பி.எச். என்று இரத்தப்போக்கு, இரண்டு யூனிட் ரத்தம். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கீறல் கீழ்ப்பக்கத்திலதான். அது விளங்குது. ரத்தம் ஏன் போனது? எப்பிடி நிண்டது?” மருந்தோடு நின்றதா, உள்ளே பலூன் வைத்தார்களா, கர்ப்பப்பையைச் சுற்றித் தையல் போட்டார்களா, கீறல் பக்கவாட்டில் கிழிந்ததா? சும்மா விடுப்புக் கேட்கவில்லை அவர். கர்ப்பப்பை சுருங்காமல் போன இரத்தம் என்றால் இம்முறை ஒக்சிடோசினும் அதற்கு மேற்பட்ட மருந்துகளும் பொருந்திய இரத்தமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கிழிந்து போன இரத்தம் என்றால் தழும்பையே வேறு கண்ணால் பார்க்க வேண்டும். இளங்கொடி அந்தத் தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்பதை ஸ்கானில் தேட வேண்டும். ஒட்டியிருந்தால் முதல்முறை போனதைவிடக் கூடப் போகலாம்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: குளிர்ந்தது, நர்ஸ் ஒருத்தி கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள்.

பழைய ஆஸ்பத்திரிக்கு மருமகன் மூன்று கிழமை அலைந்தார். ரெகார்ட் ரூமில் ஆள் இல்லை, ஒப்பரேஷன் செய்த டாக்டர் இப்போது அங்கே இல்லை, கடிதம் எழுதிக் கொடுங்கள். கடைசியில் ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. வலது ஓரம் நிழல் விழுந்திருந்தது. தையலும் இல்லை, பலூனும் இல்லை, மருந்தோடு நின்றிருக்கிறது. டொக்டர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8. அப்படியென்றால் அங்கே இரண்டாவது பிள்ளைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் தழும்போடு வருகிறார்கள். இலங்கையில் 2016 கணக்கெடுப்பில் அது மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட, எங்களுக்கும் ஏறுமுகம்தான். கீழ்ப்பக்கக் கீறல் ஒன்றே இருந்தால், இயல்பாகப் பெற முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குக் கைகூடும் என்றும், தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200க்கு ஒன்று என்றும் பிரித்தானிய ரோயல் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. அந்த ஒன்றுக்காக ஒப்பரேஷன் தியேட்டரும் ஆளும் இரவிலும் விழித்திருக்க வேண்டும். அதனால்தான் சென்னையில், “முதல்ல சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன்தாம்மா” என்பது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. கொழும்புத் தனியாரிலும் அதையே கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

இலங்கைக்கு நான் கொடி பிடிக்கவில்லை. தாய் மரணம் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு எங்களிடம் 2020இல் 30ஐ ஒட்டி நின்றது. 2018–20 கணக்கில் தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுமைக்கும் 97 என்பது உண்மை. ஆனால் அதே கணக்கில் கேரளம் 19. அடுத்தது, எங்கள் முறை வீட்டைப் பிடித்து நிற்கும் முறை. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் குடியிருப்பவர்களில் பலர் வாடகைக்காரர். லீஸ் முடிய மாறுவார்கள், ஏழாம் மாதம் யாழ்ப்பாணம் போவார்கள். அப்போது மிஸ்ஸின் கொப்பி இங்கேயும் ஆள் அங்கேயும். அட்டையைத் தொலைத்தவளுக்கு அந்த 12 இலக்க எண் பெரிய கொடுப்பினையாகத் தெரியும். வாங்கவும் கொடுக்கவும் வெட்கப்பட ஒன்றுமில்லை: 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் எங்கள் அம்புலன்ஸ் 2016இல் இந்தியக் கொடையில், அங்கே 108 அம்புலன்ஸ் ஓட்டியவர்களின் கைப்பழக்கத்தோடுதான் வந்தது.

பயத்துக்கு மட்டும் அட்டையிலும் நிரை இல்லை, கணினியிலும் கட்டம் இல்லை. பிரஷர் பார்க்கிறார்கள், இரும்பு பார்க்கிறார்கள். இரவில் இவள் எழும்பி உட்கார்ந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். கதிரேசன் கோவிலுக்குப் போய் நேர்ந்துவிட்டு வந்தாள்; அதற்குப் பிறகு கொஞ்சம் நித்திரை வந்தது என்றாள்.

கடைசியில் இவளுக்கும் திகதி குறித்த சிசேரியன்தான், 1879இலிருந்து இந்த ஊர்ப் பெண்கள் பிள்ளை பெற்றுவரும் டி சொய்சாவில். பெண் குழந்தை. இரத்தம் அளவோடு நின்றது.

ஐந்தாம் நாள் மிஸ் வந்தார். நான் சரக்குத்தூள் போட்டுக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து மாமியார் வீடியோ கோலில்: லேகியம் அனுப்பட்டுமா, “ரெண்டாவதாச்சே, கையோட ஆபரேஷனும் பண்ணிட்டாங்களாம்மா?” அங்கே அது இயல்பான கேள்வி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. மாமியார் கேட்டதை மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் சொன்னேன். “அது நங்கி தான் சொல்லணும். ஆறு கிழமை போகட்டும்” என்றார்.

பிறகு ஆஸ்பத்திரி தந்த டயக்னோஸிஸ் கார்டைக் கேட்டு வாங்கி, போன இரத்தம், கொடுத்த மருந்து என்று பார்த்துப் பார்த்து அட்டையில் இறக்கினார். எழுதி முடிய, “மெட்ராஸ் பேப்பர் எங்க?” என்றார். நிழல் விழுந்த அந்த ஒரு பக்கத்தின் பிரின்ட்டை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மிஸ் பையில் துழாவி ஸ்டேப்லரை எடுத்து, அதை அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு இடத்தில் அடித்தார்.