தாடை மூட்டு முறிவு: திரும்பி வராதவர்கள்

பெரியவர்களுக்குத் தாடை மூட்டு முறிந்தால் அறுத்துப் பிளேட் வைப்பதா, பற்களைக் கம்பியால் கட்டி ஆறவிடுவதா? இதைப் பற்றி காக்ரேன் 2010-இல் வெளியிட்ட மீளாய்வை மறுபடியும் படித்தேன். சேர்த்துக்கொள்ளத் தகுந்த ஆய்வு ஒன்றுகூட கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. நேர்மையான பதில்தான். ஆனா அதையே பிடித்துக்கொண்டு "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். சான்று இல்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

எனக்கு இது ஏட்டுச் சண்டை இல்லை. இலத்தூரில் எங்க அத்தான் கொத்தனார். ஒரு குற்றாலச் சீசனில், ஈர ரோட்டில் பைக் சறுக்கி மோவாய் அடிபட விழுந்தார். அடி பட்டது மோவாயில், முறிந்தது காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டின் கழுத்து. இந்த முறிவு பெரும்பாலும் இப்படித்தான் வரும். கம்பி கட்டினார்கள். ரெண்டு வாரம் உறிஞ்சுகுழலில் கஞ்சி. கம்பியைத் தளர்த்திய பிறகு ரப்பர் மாட்டி, வாய் திறக்கும் பயிற்சி செய்து, வாராவாரம் போய்க் காட்டணும். திருநெல்வேலிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மூணாவது தடவையோடு நிறுத்திட்டார்.

இப்போ ஆய்வுகளுக்கு வருவோம். எக்கெல்ட் குழுவின் 2006 ஆய்வை முடித்தவர்கள் 66 பேர். ஆறு மாதம் கழித்து வாய் திறக்கும் அளவு, அறுவை செய்தவர்களுக்குச் சராசரியாக 47 மி.மீ., கம்பி கட்டியவர்களுக்கு 41. வலியும் அறுவைப் பக்கம் குறைவு. ரோத்தக்கில் 40 பேரை வைத்து விஜய் சிங் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வும் பெரும்பாலான அளவுகளில் அதே பக்கம்தான் சாய்கிறது. ரெண்டு முறையிலும் விளைவு ஏற்கத்தக்கதே என்றும் இவர்கள் சொல்கிறார்கள். அறுவையில் முகநரம்பு பாதிக்கப்படும் அபாயம் இருக்கிறது, தழும்பும் மிஞ்சும். அதனால் எல்லாரையும் அறுக்கணும்னு நான் சொல்ல வரல.

என் குறை வேறு. 41 என்பது திரும்பத் திரும்ப வந்து காட்டியவர்களின் வாய். கம்பி கட்டுவது ஒரு நாள் வேலை, மீதி வைத்தியம் முழுக்க ரப்பரிலும் பயிற்சியிலும் இருக்கு. அதைப் பாதியில் விட்டவருக்குக் கிடைத்தது அந்த ஆய்வு அளந்த சிகிச்சையே அல்ல. "கம்பி கட்டினால் செலவு கம்மி" என்கிற கணக்கில் பஸ் காசும் போன கூலியும் வரவே இல்லை. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, எலும்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிற அதே அக்கறையோடு, "எத்தனை தடவை உங்களால வர முடியும்?" என்றும் கேட்டாக வேண்டும். நான் படித்தவரை எந்தக் கட்டுரையும் அதை ஒரு அளவுகோலாக வைக்கவில்லை.

அத்தானுக்கு இப்போ ரெண்டு விரல்தான் உள்ளே போகும், மூணு போகணும். வாயைத் திறந்தால் தாடை முறிந்த பக்கமாகக் கோணும். பார்டர் பரோட்டாவை நாமெல்லாம் ருசிக்காகச் சால்னாவில் ஊறவைக்கிறோம். அவர் ஊறாமல் தின்ன முடியாது.