எதிர்த்தரப்பு இல்லாத விவாதம்: 'உடற்பயிற்சியின் நன்மைகள்' கட்டுரை குறித்து



'உடற்பயிற்சி உடல்நலத்திற்கு நன்மை தரும். விவாதிக்கவும்.' இந்தத் தலைப்புக்கு வகுப்பில் கொடுக்கும் மாதிரிக் கட்டுரையை ஒருமுறை எடுத்துப் பாருங்க. முன்னுரையில் ஒரு பழமொழி. பிறகு இரத்த ஓட்டம் சீராகும், நோய் அண்டாது, மனம் புத்துணர்வு பெறும். முடிவுரையில் மறுபடியும் அதே பழமொழி. மொழியில் பிழை இருக்காது. ஆனா, விவாதம் எங்கே? எதிரே ஆளில்லாத களத்தில் சிலம்பம் சுற்றுகிறோம்.

உடற்பயிற்சி நல்லதா என்று கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. எவ்வளவு, யாருக்கு, எந்தச் சூழலில், அது மட்டும் போதுமா என்று கேட்டால்தான் வாதம் பிறக்கும்.

நம் நாட்டுத் தரவையே பாருங்க. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் நால்வரில் மூவர் போதிய உடலியக்கம் உள்ளவர்கள். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன், 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எதிர்த்தரப்புக்கு இது நல்ல ஆயுதம். துன் சம்பந்தன் சாலையில் அரை மணி நேரம் நடந்துட்டு, அங்கேயே வயிறு முட்ட வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் எடை எப்படிக் குறையும்? இதற்கு மறுப்பும் உண்டு: உடலியக்கக் கணக்கு, மக்கள் தாங்களே சொன்ன பதில், எடை குறையாவிட்டாலும் நடை இதயத்திற்கு உதவும். சூழலும் வாதமாகும். 2019 புகைமூட்டத்தில் கிள்ளானில் பள்ளிகளே மூடப்பட்டன. அந்த வாரம் திடலில் ஓடுவது நன்மையா?

அடுத்த குறை, 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று எழுதிவிட்டு நகர்வது. எந்த ஆய்வு? ஒன்றை மட்டும் மாணவருக்குச் சொல்லிக் கொடுங்க. அன்றைய லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் நாள் முழுக்கப் படியேறி இறங்குவார். நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்டனர். அதோடு அவர் நிறுத்தவில்லை. பருமனானவர்கள்தாம் ஓட்டுநர் ஆனார்களோ என்ற ஐயம் இருந்தது. 1956இல் சீருடை அளவுகளைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிது. தம் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே வெளியிட்டார்! பின்னர் மேசை வேலை பார்க்கும் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார். ஓய்வு நேரத்தில் கடும் பயிற்சி செய்தவர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1973இல் காட்டினார். கருத்து, ஐயம், மறுசான்று, முடிவு: விவாதக் கட்டுரையின் நான்கு பத்திகளும் இதிலேயே இருக்கு.

மாணவர்களே, ஐந்து நன்மைகளை அடுக்குவதைவிட இரண்டை எடுங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பை நேர்மையாக எழுதி, அதற்குப் பதில் சொல்லுங்க. 'ஆகவே' என்ற சொல்லுக்கு அப்போதுதான் வலு வரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேர்வு நெருங்கினால் நாம் என்ன செய்யறோம்? உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்கி, உடற்பயிற்சியின் நன்மைகளை எழுத வைக்கிறோம். நானும் வாங்கியிருக்கேன். திருப்பிக் கொடுத்ததில்லை. கட்டுரையைத் திருத்தும் முன் அதைத் திருத்திக்கொள்வோம்.