கடை மாறிய கேம்

ஜூலியன் கொலாப் என்றால் 1994இல் வந்த 'எக்ஸ்-காம்' ஆடியவர்களுக்கு இன்றும் விரல் துறுதுறுக்கும். அதே பாணியில் 'ஃபீனிக்ஸ் பாயின்ட்' என்று ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லி, அவருடைய சோஃபியா நகரத்து நிறுவனம் 2017இல் ஃபிக் என்ற கூட்டுநிதித் தளத்தில் 5 லட்சம் டாலர் கேட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏழரை லட்சத்துக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். கேம் தயாரானதும் ஸ்டீம் அல்லது ஜிஓஜி கடையில் கீ கிடைக்கும் என்பதுதான் பேச்சு. 2019 மார்ச்சில் பேச்சு மாறியது. முதல் ஓராண்டுக்குக் கணினியில் எபிக் கேம்ஸ் ஸ்டோரில் மட்டும்தான் என்றார்கள்.

இந்த எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தங்களை ஒரேயடியாகத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த ஒப்பந்தங்களிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்டீம் பொதுவாக விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2018 டிசம்பரில் கடை திறந்த எபிக், 12 சதவீதம் போதும் என்றது. அதோடு, இத்தனை பிரதி விற்றதாகவே வைத்துக்கொள் என்று முன்கூட்டியே பணம் தரவும் ஆரம்பித்தது. 'கன்ட்ரோல்' கேமுக்கு அப்படிப் போனது 94.9 லட்சம் யூரோ. 2020 ஒரே ஆண்டில் இந்த வகை உத்தரவாதங்களுக்கு 44.4 கோடி டாலர் ஒதுக்கியதாக, ஆப்பிள் மீது எபிக் போட்ட வழக்கில் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன. விற்குமா விற்காதா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் சின்ன நிறுவனத்துக்கு இது ஆறு மாதச் சம்பளம், சில சமயம் உயிரே.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ், 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' கேமுக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டப் பார்த்தது. இலக்கு எட்டவில்லை. 2020 ஆகஸ்ட்டில் அது முதலில் நின்டெண்டோ ஸ்விட்சில் மட்டும் வந்தது, மற்ற இடங்களுக்கு அக்டோபரில். யாரும் கொதிக்கவில்லை. இலக்கு எட்டாவிட்டால் கிக்ஸ்டார்ட்டர் யாரிடமும் காசு பிடிப்பதில்லை. ஆகவே ராஜி யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, தன் சரக்கை எந்தக் கடையில் முதலில் வைப்பது என்பது அவர்கள் இஷ்டம்.

ஃபீனிக்ஸ் பாயின்ட் விவகாரம் வேறு. இந்த கேமுக்கு ஆள் இருக்கிறது என்று நிரூபித்ததே பணம் போட்டவர்கள்தான். எபிக் காசு கொடுத்து வாங்கியதில் அந்த நிரூபணமும் அடக்கம். ஃபிக்கில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள்: கேமுக்காகக் கொடுத்தவர்கள், வருமானத்தில் பங்குக்காகக் கொடுத்தவர்கள். கடை மாறியதால் இரண்டாமவருக்கு லாபம் வர வழியுண்டு. முதலாமவருக்குக் கிடைத்தது எபிக் கீ, ஓராண்டு கழித்து ஸ்டீம் அல்லது ஜிஓஜி கீ, முதல் ஆண்டின் கூடுதல் பகுதிகள் இலவசம், வேண்டாதவர்களுக்கு ரீஃபண்ட். மோசமில்லைதான். ஆனால் அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

முன்பணம் கொடுத்தவரைக் கேட்டுச் செய்யும் வழக்கம் வீட்டு விஷயத்தில் உண்டு. தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று போனால், கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். 2016இன் ரேரா என்ற ரியல் எஸ்டேட் சட்டம் வந்தபின் ஒரு பில்டர் ஒப்புதல் வாங்கிய திட்டத்தைப் பெரிதாக மாற்ற நினைத்தால், அதில் வீடு எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். "பிடிக்காவிட்டால் பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள்" என்பது அங்கே போதாது. கேமில் அதுவே தாராள மனசு ஆகிவிடுகிறது.

கோபப்பட்டவர்கள் சொன்னதெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். எபிக் லாஞ்சரும் இலவசம்தான். ஸ்டீம் மேல் உள்ள பாசத்தைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் ஜிஓஜி கேட்டவர்களின் குறை உண்மையானது: அங்கே வாங்கும் பிரதிக்குப் பூட்டு கிடையாது, கடையே மூடினாலும் கேம் உங்களுடையது. 2015 முதல் ஸ்டீமில் ரூபாய் விலையில் வாங்கிப் பழகிய நம் ஆட்களுக்கு எல்லாம் ஒரே நூலகத்தில் இருப்பதும் சின்ன விஷயமில்லை. டாலரில் கொடுத்த பணம் ரீஃபண்டாகத் திரும்பினாலும், வங்கி முதலில் பிடித்த செலாவணிக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

சில மாதம் கழித்து 'ஷென்மு 3'இல் இதே கதை, பெரிய அளவில். 2015இல் 69,000க்கும் மேற்பட்டவர்கள் 63 லட்சம் டாலர் கொட்டிய கேம். 2019 ஜூனில் அதுவும் எபிக்குக்குப் போனபோது, ரீஃபண்ட் உண்டா என்ற கேள்விக்கே உடனே பதில் இல்லை. கூச்சல் எழுந்தபின் ஜூலையில்தான் ரீஃபண்டுக்கு வழி பிறந்தது, செலவை எபிக் ஏற்றது. இனி கூட்டுநிதி கேம் எதையாவது எடுத்தால், மற்ற கடைகளின் கீக்கு முன்பே ஏற்பாடு செய்வோம், இல்லாவிட்டால் அறிவிக்கும் அன்றே ரீஃபண்ட் உறுதி என்றார் எபிக் தலைவர் டிம் ஸ்வீனி. நல்ல வார்த்தை. ஆனால் வாக்குக் கொடுத்தது கேம் செய்தவர், அதை ஈடுகட்டுவது கடைக்காரர்.

சட்டம் கைகொடுக்குமா? 2019இன் நுகர்வோர் சட்டப்படி தாம்பரத்துக்காரர் தான் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் கிக்ஸ்டார்ட்டர் "நாங்கள் கடை அல்ல" என்று 2012இலேயே சொல்லிவிட்டது. பணம் போட்டவர் நுகர்வோரா என்பதிலேயே வாதம் தொடங்கும். முப்பது டாலருக்காக சோஃபியாவுக்கு நோட்டீஸ் அனுப்ப யாருக்குப் பொறுமை? சட்டத்தை நம்புவதைவிட, நிதி திரட்டும் தளமே ஒரு நிபந்தனை வைப்பது எளிது: சொன்ன கடையை மாற்ற வேண்டுமானால், ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுமுன் பணம் போட்டவர்களிடம் வாக்கெடுப்பு நடத்து, மூன்றில் இரண்டு பங்கு வராவிட்டால் விட்டுவிடு. கடைக்காரர் தரும் காசில் ஒரு பங்கு அவர்களுக்கும் என்று சொல்லிக் கேட்டால், பலர் சரி என்றே சொல்லியிருப்பார்கள்.